அலாரத்துக்கு வைத்த சந்தனம்

அன்று காலை நடந்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன். வரிசை இல்லாமல் அதை என்னால் நினைத்துப் பார்க்க முடிவதில்லை.

1. ஐப்பசியின் முதல் முகூர்த்த நாள். ஆறு மணிக்குச் சற்று முன்பு எங்கள் கட்டடத்தின் பின் போர்ஷனுக்கு ஒரு குடும்பம் பால் காய்ச்ச வந்தது.

2. அதே கட்டடத்தின் முன்பக்கக் கடையில், முந்தைய நாள் மாலை நிரப்பி வைத்த சின்ன கேஸ் சிலிண்டர்கள் ஒன்பது இருந்தன. கடை பூட்டியிருந்தது.

3. ஆறு பத்துக்கு நான் மாடியிலிருந்து இறங்கினேன். மேல் படிகளில் எதுவும் தெரியவில்லை. கடைசி மூன்று படிகளில் வாசனை வந்தது.

4. பின் போர்ஷனின் கூடத்தில் குத்துவிளக்குக்குத் திரி போட்டு எண்ணெய் ஊற்றியிருந்தார்கள். குடிவந்த பெண்ணின் நாத்தனார் தீப்பெட்டியைத் திறந்து குச்சியைக் கையில் எடுத்திருந்தார்.

5. நான் அவர் கையைத் தட்டிவிட்டேன். குச்சிகள் தரையெங்கும் சிதறின.

6. கடைக்குள், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், நான் என் கையால் மாட்டிய கேஸ் அலாரம் இருந்தது. அதில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அது கத்தவில்லை.

7. யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

ஏழாவதைப் படித்தவர்கள் நிம்மதியாக அடுத்த பக்கத்துக்குப் போகலாம். என்னால் இன்னும் ஆறாவதைத் தாண்ட முடியவில்லை.

ஹரிணி நகர்

சென்ற வாரங்களில் ஓசூர் விடுதி நாட்களைப் பற்றி எழுதினேன். இது அதற்குப் பிறகு, வேலையை விடாமலேயே நான் வீட்டோடு வந்து சேர்ந்த காலத்தில் நடந்தது. ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். நகரின் பெயரையும்தான்.

எங்கள் வீடு தர்மபுரிக்கு வெளியே, இண்டூர் பேருந்துகள் நிற்கும் இடத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. மனை பிரித்து விற்றவர் ஹரிணி நகர் என்று பெயர் வைத்தார். ஹரிணி அவருடைய பேத்தியாம். நாங்கள் யாரும் அவளைப் பார்த்ததில்லை. அவள் பெயர் எங்கள் எல்லோருடைய ஆதார் அட்டையிலும் இருக்கிறது.

அந்த மனைகளில் ஒரு பகுதி அப்பா நிலக்கடலை போட்ட நிலம். அதை விற்றதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அதை விற்றதால்தான் நான் இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்தேன். தெருமுனையில் ஒரு மனையை மட்டும் அப்பா வைத்துக்கொண்டு கட்டடம் கட்டினார். கீழே முன்பக்கம் ஒரு கடை, அதன் பின்னால் ஒரு போர்ஷன், மாடியில் நாங்கள்.

நான் பள்ளிக்குப் போனபோது தெருமுனையில் இருந்தவை: மாவு மில், உரக்கடை, பஞ்சர் கடை. இப்போது இருப்பவை: தண்ணீர் கேன் கடை, இரண்டு செல்போன் கடை, அழகு நிலையம், பிரியாணிக் கடை, பள்ளிச் சீருடை தைக்கும் இடம், வீட்டுத் தரகர் அலுவலகம், அடுப்பு சர்வீஸ். உரம் விற்றவர்தான் இன்று தரகர். மாவு அரைத்தவர்தான் அடுப்பு சர்வீஸ்.

இன்னொன்றும் மாறியது. அது அப்போது யார் கண்ணிலும் படவில்லை. ஒவ்வொரு முறை தார் போட்டபோதும் தெரு உயர்ந்தது. மூன்றாவது முறை போட்டதும் மழைத் தண்ணீர் கடைக்குள் வந்தது. கடைத் தரையைக் கான்கிரீட் போட்டு உயர்த்தினோம். பின் போர்ஷனை அப்படியே விட்டுவிட்டோம். அது கடையைவிட இரண்டு படி பள்ளமாகிப்போனது.

கடைக்கும் பின் போர்ஷனுக்கும் நடுவே பழைய கதவு ஒன்று உண்டு. இரண்டு பக்கமும் தாழ் போட்டு, ஒரு பக்கம் பீரோவை நிறுத்தியிருந்தோம். கதவுக்கு அடியில் ஒரு விரல் அளவு இடைவெளி.

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. தண்ணீரைப் போலவே பள்ளம் தேடிப் போகும். இதைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். அந்தக் கதவிடுக்கைப் பல வருடம் தினமும் பார்த்தவளும் நான்தான்.

முகூர்த்தத்துக்கு முகூர்த்தம்

எங்கள் நகருக்குக் குடிவருபவர்கள் பஞ்சாங்கத்தைப் பார்த்துத்தான் வருவார்கள். ஆடியில் ஒருவரும் வர மாட்டார்கள். புரட்டாசியிலும் மார்கழியிலும் வர மாட்டார்கள். அந்த மாதங்களில் வீடு பார்ப்பார்கள், பேசி முடிப்பார்கள், சாவி வாங்கிப் பூட்டியே வைத்திருப்பார்கள். மாதம் திரும்பி முதல் முகூர்த்தம் வந்ததும் மொத்தமாக வருவார்கள். அன்று விடியும்போது எங்கள் தெருவில் சின்ன வேன்கள் வரிசையாக நிற்கும்.

பெங்களூரில் வேலை போய்த் திரும்பியவர்கள் வருவார்கள். வத்தல்மலையிலிருந்து பிள்ளைகளை இறக்கிப் பள்ளியில் சேர்க்க வருவார்கள். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கமிருந்து, கணவன் ஓசூர் கம்பெனிக்குப் போய்வர வசதியாக இருக்கும் என்று வருவார்கள்.

முதல் நாள் அவர்கள் கையில் இருப்பவை எப்போதும் ஒன்றே: சாமி படம், குத்துவிளக்கு, கல் உப்பு, மஞ்சள், ஒரு குடம் தண்ணீர், புதுப் பாத்திரம், பால். இல்லாதது கேஸ் இணைப்பு. பழைய ஊரிலிருந்து மாற்றி வாங்க இந்த ஊர் முகவரிச் சான்று வேண்டும். அது கிடைக்க ஒரு மாதமோ இரண்டு மாதமோ ஆகும். பால் அன்றைக்கே பொங்கியாக வேண்டும்.

அந்த இடைவெளியில்தான் சின்னராசு அண்ணனின் கடை நின்றது.

மாவு மில் நின்ற கதை

சின்னராசு அண்ணன் எங்கள் கடையில் பதினைந்து வருடம் மாவு மில் வைத்திருந்தார். கேழ்வரகு அரைத்த கையோடு அரிசி போட மாட்டார். கல்லைத் துடைத்து, முதல் பிடி அரிசியை வீணாக அரைத்துக் கொட்டிவிட்டுத்தான் அடுத்தவர் தூக்கை வாங்குவார். சொன்னதைச் சொன்னபடி செய்கிற மனிதர். அதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பிறகு நடந்தது எதுவும் அவருடைய அலட்சியத்தால் நடக்கவில்லை.

புதிதாக வந்தவர்கள் பாக்கெட் மாவு வாங்கினார்கள். எதிர் வீட்டுக்குக் குடிவந்தவர், குழந்தை தூங்க முடியவில்லை, மில் சத்தத்தை நிறுத்துங்கள் என்று வந்து கேட்டார். அண்ணன் அவரிடம், குழந்தைக்கு எத்தனை மாதம் என்று விசாரித்து, பகல் இரண்டு மணி நேரம் மில்லை நிறுத்தி வைத்தார். அந்த இரண்டு மணி நேரத்தில் வந்து போனவர்கள் திரும்பி வரவில்லை. ஒரு வருடத்தில் மெஷினை விற்றுவிட்டார்.

அடுப்பு பழுது பார்க்கக் கற்றுக்கொண்டார். அதோடு பெரிய சிலிண்டரிலிருந்து சின்ன சிலிண்டருக்கு கேஸ் மாற்றித் தருவதும் வந்து சேர்ந்தது. சட்டப்படி அது கூடாது. அவருக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். எனக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும்.

நான் அப்பாவிடம் இரண்டு முறை சொன்னேன். அப்பா இரண்டு முறையும் ஒரே பதிலைச் சொன்னார்.

"அவன வெளிய அனுப்புனா எங்க போவான்? புதுசா வரவங்க பாலு காய்ச்ச எங்க போவாங்க? நீயே சொல்லு."

பதிலுக்கு ஒரு கருவியைக் கொண்டுவந்து மாட்டினேன்.

பூஜ்யம்

என் வேலை, தொழிற்சாலைகளில் இருக்கும் கேஸ் கண்டறியும் கருவிகளைச் சரிபார்ப்பது. பால் குளிரூட்டும் நிலையம், பெயின்ட் கிடங்கு, பெரிய சமையற்கூடம் என்று போவேன். ஒரு சின்ன உருளையில் சோதனை வாயு கொண்டுபோவேன். அதைக் கருவியின் வலைமேல் விட்டு, எண் ஏறுகிறதா, எத்தனை நொடியில் ஏறுகிறது என்று குறித்துக்கொள்வேன்.

வேலையில் சேர்ந்த முதல் வாரம் என் மேலதிகாரி இரண்டு கருவிகளை மேசைமேல் வைத்தார். இரண்டிலும் பூஜ்யம். எது நல்லது என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஒன்று புதியது. இன்னொன்றுக்குள் சென்சாரே இல்லை, வெறும் கூடு. சுத்தமான அறையில் இரண்டும் ஒரே எண்ணைத்தான் காட்டும்.

அன்றிலிருந்து பூஜ்யத்தைப் பார்த்தால் இன்னொரு முறை சோதித்துப் பார்ப்பேன். வீட்டில் குழந்தை அழாமல் இருந்தால் தாய்மார் எட்டிப் பார்ப்பார்களே, அப்படி.

சின்னராசு அண்ணனுக்கு நான் மாட்டியது வீட்டுக்கான சாதாரண அலாரம். உள்ளங்கை அகலம். மேலே இரண்டு சிறு விளக்குகள், கீழே வலை போட்ட துளைகள், பக்கத்தில் ஒரு பொத்தான். தரைக்குப் பக்கத்தில் மாட்டினேன். அவரும் மல்லிகா அக்காவும் கைகட்டி நின்று பார்த்தார்கள். மல்லிகா அக்கா அவர் மனைவி. கடையில் பாதி வேலை அவருடையது.

தினமும் கடை சாத்தும்போது இந்தப் பொத்தானை அழுத்துங்கள் என்றேன். அழுத்திக் காட்டினேன். தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தியது. மல்லிகா அக்கா காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இது நம் எல்லோரையும் காக்கும், பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன்.

சொல்லாமல் விட்டது ஒன்று. அந்தப் பொத்தான் சத்தம் வருகிறதா என்று மட்டும்தான் சோதிக்கும். கேஸை முகர முடிகிறதா என்று சோதிக்காது. அதற்கு என்னிடம் இருக்கும் சோதனை வாயு வேண்டும். மாதம் ஒரு முறை நானே வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். முழுசாகச் சொன்னால் அண்ணன் குழம்புவார், எளிமையாக ஒன்று சொன்னால் தவறாமல் செய்வார் என்றும் நினைத்தேன்.

முதல் மாதம் சோதித்தேன். இரண்டாவது மாதமும் சோதித்தேன். பிறகு கோவைப் பக்கம் வேலை வந்தது. மூன்று மாதம் விட்டுப்போயிற்று.

என் வார்த்தை

புரட்டாசியில் பின் போர்ஷனைப் பார்க்க சங்கீதா வந்தார். பாப்பிரெட்டிப்பட்டிக்காரர். என் வயதுதான் இருக்கும். கையைப் பிடித்துக்கொண்டு நான்கு வயது மகள் யாழினி. கணவர் ஓசூரில் கம்பெனி வேலை, வாரம் ஒரு நாள்தான் வருவார். அம்மா வீட்டைத் திறந்து காட்டினார். சங்கீதா சமையலறையைப் பார்த்தார், குளியலறைக் குழாயைத் திறந்து மூடினார், கடைசியில் அந்தப் பூட்டிய கதவின் பக்கம் நின்றார்.

"முன்னால கேஸு கடை வெச்சிருக்காங்களே. கொழந்தைய வெச்சிக்கினு இங்க இருக்கலாமுங்களா?"

அம்மா என்னைப் பார்த்தார். நான் படிக்கட்டில் உட்கார்ந்து மடிக்கணினியில் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன்.

"அலாரம் மாட்டியிருக்கேங்க. லேசா கசிஞ்சாலும் தெரு பூரா கேக்கும். என் வேலையே அதுதான். தைரியமா வாங்க."

அவர் முகம் தெளிந்தது. அதை நான் பார்த்தேன். படித்த பெண் சொல்கிறாள் என்று வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார். பிறகு தெரிந்தது.

மறுபடியும் அந்தக் காலை

கடைசி மூன்று படிகளில் வந்த வாசனையை நான் உடனே நம்பவில்லை. அன்று தெருவில் நான்கு வீடுகளில் பால் காய்ச்சினார்கள். எதிர் வரிசையில் திருஷ்டிப் பூசணிக்காய்மேல் கற்பூரம் எரிந்தது. சாம்பிராணி, புதுச் சுண்ணாம்பு, வேன் புகை எல்லாம் கலந்திருந்தன. குனிந்தேன். முழங்கால் உயரத்தில் வாசனை தெளிவாக இருந்தது. அழுகிய முட்டைக்கோஸ் வாசனை.

அப்படியே நின்றேன். எத்தனை நொடி என்று தெரியாது. நான் வழக்கமாக எல்லாவற்றையும் நொடியில் குறிப்பவள். அதை மட்டும் குறிக்க முடியவில்லை. அலாரம் கத்தவில்லையே என்று நினைத்துக்கொண்டு நின்றேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது. கத்தவில்லை என்றால் இது வேறு ஏதோ வாசனை. என் மூக்கைவிட என் கருவியைத்தான் அப்போது நம்பினேன்.

பின் போர்ஷன் கதவு திறந்திருந்தது. உள்ளே சங்கீதாவின் நாத்தனார் பழனியம்மா தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, மணி ஆகிறது, எல்லோரும் வாங்க என்று கூப்பிட்டார். யாழினி விளக்குக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, மஞ்சள் பிள்ளையாருக்கு வைத்த அருகம்புல்லை எடுத்து எடுத்து மறுபடி வைத்துக்கொண்டிருந்தாள். தரையில். அந்த வாசனையின் நடுவில்.

ஓடிப்போய்ப் பழனியம்மாவின் கையைத் தட்டிவிட்டேன்.

"வெளக்கேத்துற கையையா தட்டி வுடுற?" என்றார் பழனியம்மா. "குடி வர வூட்டுல செய்யிற காரியமா இது?"

கேஸ் கசிகிறது என்றேன். அவர் நம்பவில்லை. புது அடுப்பு என்றால் வாசனை வராதா, எங்கள் வீட்டில் வந்ததே என்றார். சங்கீதா நம்பினார். நம்பியதும் எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். வாசனையை வெளியேற்ற, எக்ஸாஸ்ட் ஃபேன் சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினார்.

"சுவிட்சத் தொடாதீங்க. எதையும் போட வேண்டாம், எதையும் அணைக்க வேண்டாம். பாப்பாவத் தூக்கிக்கினு வெளிய போங்க."

நான் மெதுவாகத்தான் சொன்னேன். கத்தினால் அவர் விரல் பட்டுவிடும் என்று இருந்தது. அவர் விரல் சுவிட்சுக்கு ஒரு கட்டைவிரல் தூரத்தில் நின்றது. பிறகு கையை மடக்கிக்கொண்டு குழந்தையைத் தூக்கினார். பழனியம்மா விளக்கைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். எண்ணெய் அவர் புடவையில் கொட்டியது.

பின்பக்க ஜன்னல்களைத் திறந்துவிட்டு, அடுத்த தெருவுக்கு ஓடினேன். சின்னராசு அண்ணன் குளித்து, விபூதி பூசி, கடை திறக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். கையில் சாவி, சட்டைப்பையில் கற்பூரப் பொட்டலம். தினமும் கடையைத் திறந்ததும் முதல் வேலையாக வாசலில் கற்பூரம் ஏற்றுவார். அந்தப் பொட்டலத்தை வாங்கி அவர் வீட்டுக் கூரைமேல் எறிந்தேன்.

உரசிப் பொறி பறக்கும் என்று இரும்பு ஷட்டரை இழுக்க விடவில்லை. பக்கவாட்டு மரக்கதவைத் திறந்தோம். ஒன்பது சிலிண்டரில் ஒன்றின் வால்வு தேய்ந்து, மூடியும் சரியாக மூடாமல் இருந்தது. அண்ணன் அதை இறுக்கி மூடினார்.

இங்கே ஒன்றை எழுதியாக வேண்டும். வெளியே தள்ளி வந்து நின்றதும் தீயணைப்பு நிலையத்துக்குப் பேச போனை எடுத்தேன். அப்பா, வேண்டாம்மா, மூடியாச்சு, அவங்க வந்தா சிலிண்டரப் பாப்பாங்க என்றார். போனைத் திரும்பப் பையில் வைத்தேன். அந்த நேரத்தில் கூடத்தில் இன்னும் எவ்வளவு கேஸ் இருந்தது என்று எனக்குத் தெரியாது. தெரியாமல்தான் வைத்தேன்.

இரண்டு கண், ஒரு வாய்

அறை முழுக்கக் காற்றோட்டம் வந்த பிறகு அலாரத்தின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தேன். பச்சை விளக்கு எரிந்தது. துளைகள் தெரியவில்லை. அவற்றின்மேல் சந்தனம் தடிமனாகப் பூசிக் காய்ந்திருந்தது. நடுவில் குங்குமம்.

மல்லிகா அக்காவைக் கூப்பிட்டேன். அவர் மறைக்கவில்லை. மறைக்க அவரிடம் எதுவும் இல்லை.

"ஆயுத பூசைக்கு வெச்சது பாப்பா. ஸ்பேனருக்கு வெச்சோம், தராசுக்கு வெச்சோம், இதுக்கு வெக்காம வுட்டா எப்பிடி? ரெண்டு கண்ணு, ஒரு வாயி இருந்துச்சு. வாய்ல நல்லா அப்பி வுட்டேன். எல்லாரையும் காக்குதுன்னு நீதான சொன்ன?"

துடைக்கவும் கூடாதாம். அது தானாக உதிர வேண்டும் என்று விட்டிருக்கிறார்.

சின்னராசு அண்ணன் பின்னால் நின்றார். அவர் முகத்தில் எனக்குப் பழக்கமான ஒரு பார்வை இருந்தது. கணக்குச் சரியாகப் போட்டும் விடை தவறாக வந்த மாணவனின் பார்வை.

"நீ சொன்னாப்பல தெனமும் அமுக்குனேன் பாப்பா. ஒரு நாளும் வுடல. நேத்தும் கத்துச்சு."

சொல்லாமல் இருந்திருக்கலாம். சந்தனத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டு எழுந்திருக்கலாம். அதை அப்போதே நினைத்தேன் என்பதையும் எழுதுகிறேன்.

"அந்தப் பொத்தான் சத்தத்த மட்டும்தாண்ணா பாக்கும். மோந்து பாக்குதான்னு காட்டாது. நான் உங்ககிட்ட சொல்லல."

தெருவில் யாரோ ஒருவர் வீட்டில் பால் பொங்கிவிட்டது. பெண்கள் குலவை போட்டார்கள்.

"அப்ப இத்தினி நாளு நான் எதுக்கு அமுக்குனேன்?" என்றார் அண்ணன்.

வெளியே வேனிலிருந்து பீரோவும் கட்டிலும் இறங்காமல் நின்றன. பழனியம்மா, விளக்கேற்றத் தடை வந்த வீட்டில் தம்பி குடும்பம் இருக்க வேண்டாம், இப்படியே திரும்பலாம் என்றார். திரும்ப வீடு இல்லை. பழைய வீட்டில் வேறு குடும்பம் அதே காலையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தது. சங்கீதா என்னிடம் வந்தார். கோபம் இல்லாமல் கேட்டார்.

"நீங்க சொல்லித்தானங்க வந்தோம்?"

"ஆமாங்க. நான் சொன்னது தப்பு."

யாழினி அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டு, பால் எப்போது பொங்கும் என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு

அன்று மதியமே அப்பா சின்னராசு அண்ணனிடம் பேசினார். அடுப்பு பழுது பார்க்கலாம், கேஸ் வேண்டாம் என்றார். அண்ணன் தலையாட்டினார். ஆட்டோ பிடித்து சிலிண்டர்களை ஏற்றினார். கடைசியாக அலாரத்தைக் கழற்றி, ஈரத்துணியில் சோப்புப் போட்டு அழுத்தித் துடைத்து, உள்ளங்கையில் வைத்து எடுத்துப்போனார். நான் அப்போது வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தேன். அம்மா சொல்லித்தான் தெரியும். சோப்புத் தண்ணீர் பட்டால் அந்த சென்சார் எப்போதைக்கும் செத்துப்போகலாம் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

சங்கீதாவின் குடும்பம் சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்து, அடுத்த முகூர்த்தத்தில் மின்சார அடுப்பில் பால் காய்ச்சியது. பழனியம்மா வரவில்லை. நடுக்கதவை எடுத்துவிட்டுச் சுவர் எழுப்பினோம். பின் போர்ஷனில் ஒரு புது அலாரம் மாட்டினேன். மாதப் பிறப்பன்று சோதனை வாயு விட்டுப் பார்க்கிறேன். யாழினி பக்கத்தில் நின்று, அது கத்தும்வரை விரல்விட்டு எண்ணுகிறாள். ஏழு, எட்டு என்று எண்ணும்போது நான் குனிந்து விளக்கைப் பார்ப்பேன். பதினொன்றில் கத்தும்.

அந்தக் கசிவுக்குப் பத்து நாள் கழித்து ஒரு காலை ஆறு மணிக்கு அந்தப் பழைய அலாரத்தின் சத்தம் கேட்டது. மூன்றாம் தெருவிலிருந்து வந்தது. ஒரு வீட்டின் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில் சின்னராசு அண்ணன் மறுபடி சிலிண்டர் நிரப்ப ஆரம்பித்திருந்தார். முன்பு கடை சாத்தும்போது அழுத்தியவர், இப்போது திறந்ததும் அழுத்துகிறார்.

புது அலாரம் ஒன்றை வாங்கிக்கொண்டு போனேன். வாசலிலேயே நிறுத்தினார். பழையதே நன்றாகத்தான் கத்துகிறது, வேண்டாம் பாப்பா என்றார். அன்று காலை நான் சொன்னது அவருக்கு மறந்துவிட்டதா, மறக்க வேண்டும் என்று மறந்தாரா, தெரியவில்லை. மறுநாள் தாலுகா அலுவலகத்தில் மனு எழுதிக் கொடுத்தேன். அது அவர் காதுக்குப் போனது. இப்போது தெருவில் பார்த்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு போகிறார். மல்லிகா அக்கா மட்டும் நின்று, வேலை எப்படிப் போகிறது என்று கேட்பார். அவர் கண்ணைப் பார்க்க என்னால் முடிவதில்லை.

அந்தக் கொட்டகைக்கு ஒட்டிய வீட்டைப் பார்க்க சென்ற வாரம் ஒரு பெண் வந்தார். வத்தல்மலைக்காரர், இரண்டு பிள்ளைகள். நானாகப் போய்ப் பேசினேன். இந்த வீடு வேண்டாம், பின்னால் கேஸ் நிரப்புகிறார்கள் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். வீட்டுக்காரரோடு ஏதோ பகை என்று நினைத்திருப்பார்.

"அலாரம் வெச்சிருக்காங்களாமே. காலைல கத்துனத நானே கேட்டனுங்க."

அது சத்தம் மட்டும்தான் என்று விளக்கினேன். பொத்தானைப் பற்றி, சந்தனத்தைப் பற்றி, சோப்பைப் பற்றி, வரிசையாக. பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வேறு வீடு கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதை எழுதும் இன்றைய நிலை: எங்கள் கட்டடத்தில் சிலிண்டர் கடை இல்லை. மூன்றாம் தெருக் கொட்டகையில் இருக்கிறது. அதைச் சுற்றி நான்கு வீடுகள், ஐந்தாவதற்கு ஆள் வரப்போகிறது. என் மனு அலுவலகத்தில் இருக்கிறது. இதுவரை யாரும் வந்து பார்க்கவில்லை. இரண்டாவது மனுவை நேற்று கொடுத்தேன். இது மார்கழி. தையின் முதல் முகூர்த்தத்துக்கு இன்னும் பதினேழு நாள் இருக்கிறது. தினமும் காலை ஆறு மணிக்கு அந்த அலாரம் ஒரு முறை கத்துகிறது. மற்ற நேரங்களில் கத்துவதில்லை.